கொடுமுடி கோகிலமும் கவுந்தியடிகளும்

பெரியதாழை, மணப்பாடு, திருச்செந்தூர், காயல்பட்டினம் என்று வடக்கு நோக்கி நீளும் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கும் சிலப்பதிகாரத்திற்கும் பழைய உறவு உண்டு. பாண்டியர்க்கு முத்து வழங்கிய கொற்கைத் துறை இக்கரையில்தான் இருந்தது. தன் தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து என்று பாண்டியன் நெடுஞ்செழியன் உரைக்க, கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தது. அக்கதையில் வரும் கோவலனையும் கண்ணகியையும் மாதவியையும் பாண்டியனையும் அறியாத தமிழர் இல்லை. ஆயின், தனக்கென எதையும் வேண்டாது, வழியில் கண்ட இருவரின் துயரைத் தன் துயராகக் கொண்டு நடந்த பெருமாட்டி ஒருவரும் அக்காப்பியத்தில் இருக்கிறார். அவரே சமணத் துறவியாகிய கவுந்தியடிகள்.

நெடுங்காலம் ஏட்டிலும் புலவர் நாவிலும் மட்டுமே வாழ்ந்த கவுந்தியடிகளுக்கு 1964ஆம் ஆண்டில் ஊரறிந்த முகமும் உலகறிந்த குரலும் வாய்த்தன. பூம்புகார் என்னும் திரைப்படத்தில் அவ்வேடம் தாங்கியவர் கொடுமுடி கோகிலம் என்று போற்றப்பட்ட கே.பி. சுந்தராம்பாள் அம்மையார். அவர் சமணர் அல்லர். நெற்றி நிறையத் திருநீறு பூசி, முருகனே தெய்வம் என்று வாழ்நாள் முழுதும் பாடியவர். அத்தகையவர் ஏற்ற சமணத் துறவி வேடம் ஏன் அத்துணை மெய்யாக அமைந்தது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே விடை தருகிறது.

கொடுமுடியில் பிறந்த குரல்

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடி என்னும் தலத்தில் 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சுந்தராம்பாள் பிறந்தார். பெயருக்கு முன் நிற்கும் இரண்டு எழுத்துகளில் ஒன்று ஊரையும் மற்றொன்று அன்னை பாலாம்பாளையும் குறிக்கும். தாயின் பெயரையே முதலெழுத்தாகக் கொண்டு உலகில் உலவியது அக்குடும்பத்தின் நிலையைக் காட்டுவதாகும். குழந்தைகளை வளர்க்கும் சுமை முழுவதும் அன்னையின் தோளில் விழுந்திருந்தது. வறுமை வாட்டியது. அச்சிறுமிக்கு இயற்கை அளித்த செல்வம் குரல் ஒன்றே.

தொடர்வண்டியில் பாடிப் பயணிகள் தரும் காசைப் பெற்று வீட்டுக்கு உதவிய காலத்தில், ரயில்வே அதிகாரியும் நாடகக் கலை ஆர்வலருமாகிய எஃப்.ஜி. நடேச ஐயரின் செவியில் அக்குரல் விழுந்தது. அவருடைய பரிந்துரையால் வேலு நாயரின் நாடகக் குழுவில் சுந்தராம்பாளுக்கு இடம் கிடைத்தது. முதலில் பிள்ளை வேடம், பின்னர்ப் பெண் வேடம், அதன்பின் ஆண் வேடமாகிய இராஜபார்ட் என்று படிப்படியாக உயர்ந்தார்.

அந்நாளைய நாடகத்தின் இயல்பை இன்றைய தலைமுறை அறிந்துகொள்வது நல்லது. ஸ்பெஷல் நாடகம் என்று வழங்கப்பட்ட முறையில், நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்களாக இருப்பதில்லை. ஓர் இரவுக்கென வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்பட்டு மேடையில் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதையும் பாடலும் எல்லோருக்கும் மனப்பாடம். ஒருவர் பாடினால் மற்றவர் அதற்கு ஈடாகவோ மேலாகவோ பாட வேண்டும். இரவு தொடங்கும் நாடகம் விடியும் வரை நடக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் சிதையாமல் கேட்க வேண்டும். சுந்தராம்பாளின் பாட்டில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே தெளிந்து ஒலிப்பதற்கு இந்த மேடையே அடிப்படை.

அம்மேடைக்குப் பாட்டும் உரையாடலும் வகுத்தளித்த ஆசான் சங்கரதாச சுவாமிகள் (1867-1922). தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். மணம் புரியாது துறவி போல வாழ்ந்து, நாடகத்தையே தவமாகக் கொண்டவர். சுந்தராம்பாளுக்குப் பெரும் புகழ் தேடித் தந்த வள்ளி திருமணம் அவர் இயற்றியதே. கொங்கு நாட்டுக் காவிரிக் கரையில் பிறந்த குரலுக்குப் பாட்டு அளித்தது தென்பாண்டி நாட்டு மண் என்பதில் இப்பகுதியினர் பெருமை கொள்ளலாம்.

கடல் கடந்த மேடையும் கிட்டப்பாவும்

தமிழ்நாட்டு நாடகக் கலைஞர்களுக்கு அக்காலத்தில் இலங்கை மற்றொரு தாய்வீடு. தூத்துக்குடியில் கப்பலேறியும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வழியாகவும் அவர்கள் கொழும்பு சென்று மாதக்கணக்கில் நாடகம் நடத்தினர். சுந்தராம்பாளும் இலங்கை மேடைகளில் பெரும்புகழ் ஈட்டினார். அங்கேதான் 1926ஆம் ஆண்டில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது.

கிட்டப்பா 1906ஆம் ஆண்டில் பிறந்தவர். மேல்தாயியில் எளிதாகச் சஞ்சரிக்கும் அரிய சாரீரம் உடையவர். அவரோடு பாடி நிற்க வல்லவர் யார் என்ற ஐயம் நாடக உலகில் நிலவியபோது, அவ்வையத்தைச் சுந்தராம்பாள் ஓரிரவில் போக்கினார். மேடையில் போட்டியாகத் தொடங்கியது வாழ்வில் இணைப்பாக முடிந்தது. 1927ஆம் ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். குலமும் சூழலும் இரு குடும்பத்து எதிர்பார்ப்புகளும் அவ்வாழ்வை அமைதியாக நடக்கவிடவில்லை. புகழின் உச்சியில் இருந்த இருவரும் சில ஆண்டுகளுக்குள் பிரிந்து வாழும் நிலை வந்தது. பிரிவிலும் சுந்தராம்பாளின் அன்பு குறையவில்லை.

1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

வெண்ணிற ஆடை

கணவனை இழந்த பெண்ணுக்கு வெண்ணிற ஆடையை உடுத்துவது அக்காலச் சமூகத்தின் கட்டளை. அக்கட்டளையில் அறம் எதுவும் இல்லை. பெண்ணை வாழ்விலிருந்து ஒதுக்கும் கொடுமையே உண்டு. சுந்தராம்பாளும் வெண்ணிற ஆடை உடுத்தார். கொடுமுடியில் ஒதுங்கி இருந்தார். ஆனால் அத்துடன் அவர் தாமே ஏற்ற நோன்பு ஒன்றும் உண்டு. இனி எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என்பதே அது. பிறர் யாரும் அதனை அவர்மீது சுமத்தவில்லை. பணமும் புகழும் அழைத்த ஒவ்வொரு முறையும் அந்நோன்பைக் காத்துக்கொண்டே அவர் கலைப்பணி ஆற்றினார். வாழ்நாள் முழுவதும், ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள், அது வழுவவில்லை.

இழப்பு வேறு, துறவு வேறு. இழப்பு ஒருவர்மீது வந்து விழுவது. துறவு ஒருவர் தாமே தேர்ந்து கொள்வது. ஊர் சுமத்திய வெண்மையை ஒடுங்கி இருப்பதற்குரிய அடையாளமாகக் கொள்ளாமல், பொதுப்பணிக்குரிய உடையாக மாற்றியதே சுந்தராம்பாள் அம்மையாரின் பெருமை. அதற்குத் துணைநின்றவர் தேசியத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி. துயரில் மூழ்கியிருந்தவரிடம் நாட்டின் துயரை எடுத்துச் சொல்லி, அக்குரல் ஒரு வீட்டுக்குள் அடங்கிக் கிடப்பது நாட்டுக்கு இழப்பாகும் என்று உணர்த்தி, அவரை மீண்டும் மேடைக்கு அழைத்து வந்தார்.

நாட்டுக்காகப் பாடிய நாள்கள்

கிட்டப்பா இருந்த காலத்திலேயே இருவரும் கதர் அணிந்து விடுதலை இயக்கப் பாடல்களை மேடையில் பாடி வந்தவர்கள். அதன்பின் சுந்தராம்பாளின் குரல் காங்கிரஸ் மேடைகளில் தவறாது ஒலித்தது. தலைவரின் சொற்பொழிவைக் கேட்க வருவோரை விடச் சுந்தராம்பாளின் பாட்டைக் கேட்க வருவோர் மிகுதி என்று சொல்லப்பட்ட காலம் அது. 1937ஆம் ஆண்டுத் தேர்தல் பரப்புரையிலும் அவருடைய பங்கு பெரிது. எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் மிகுந்த ஊர்களில், கதரும் கள்ளுண்ணாமையும் தீண்டாமை ஒழிப்பும் பாட்டாகத்தான் நெஞ்சில் இறங்கின.

காந்தியடிகளை எளிய ஏழைத் துறவியாகப் போற்றி அவர் பாடிய இசைத்தட்டு தமிழகமெங்கும் ஒலித்தது. காந்தியடிகள் இங்கிலாந்து செல்லுமுன் தம் அன்னையின் முன்னிலையில் புலால், மது, மாதர் ஆகியவற்றை விலக்குவதாக ஏற்ற மூன்று உறுதிமொழிகளும் ஒரு சமணத் துறவி செய்வித்தவை. பின்னாளில் அவர் உள்ளத்தில் அகிம்சையை ஆழ வேரூன்றச் செய்தவருள் ஒருவர் இராய்சந்த் பாய் என்னும் சமண ஞானி. அவ்வேரிலிருந்து கிளைத்த கொல்லாமை அரசியலைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு எடுத்துச் சென்ற குரல்களுள் முதன்மையானது சுந்தராம்பாளுடையது.

காந்தியடிகள் தம் இல்லத்திற்கு வந்தபோது சுந்தராம்பாள் பொன் தட்டில் உணவு படைத்தார் என்றும், உணவு மட்டுந்தானா, தட்டு இல்லையா என்று அடிகள் சிரித்துக்கொண்டே கேட்டார் என்றும், மறுசொல் இன்றி அத்தட்டை அம்மையார் அளித்துவிட, அதனை அங்கேயே ஏலமிட்டு அப்பணத்தை அடிகள் பொது நிதியில் சேர்த்தார் என்றும் ஒரு நிகழ்ச்சியை அம்மையாரின் வரலாற்றைச் சொல்வோர் தவறாது கூறுவர். உண்பித்தலும் பொருளின் மேலுள்ள பற்றை விடுதலும் ஒரே வேளையில் நிகழ்ந்த தானம் அது. தொடர்வண்டியில் காசுக்குப் பாடிய சிறுமி, பொன்னைப் பொன்னென்று எண்ணாமல் எடுத்து நீட்டும் நிலைக்கு வளர்ந்தது செல்வத்தினால் அன்று, உள்ளத்தினால்.

நந்தனார்

1935ஆம் ஆண்டில் வெளிவந்த பக்த நந்தனார் அவருடைய முதல் திரைப்படம். தயாரித்தவர் அசன்தாஸ், இயக்கியவர் எம்.எல். டாண்டன். திரையில் நடிக்க விருப்பமில்லாத சுந்தராம்பாள், எவரும் தர இயலாத தொகையைக் கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று எண்ணி ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகச் சொல்வர். தயாரிப்பாளரோ அதற்கும் இசைந்தார். ஒரு பவுன் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலத்தில் அத்தொகையின் அளவை எண்ணிப் பார்க்கலாம். இந்தியத் திரையுலகில் அதற்கு முன் எவரும் அவ்வளவு ஊதியம் பெற்றதில்லை.

அப்படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து தில்லையைக் காண ஏங்கிய நந்தனாராக அவர் நடிக்க, ஆண்டையாகிய வேதியராக நடித்தவர் இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படத்தைப் பற்றி எழுதிய கல்கி, நடிகர்களை விட அதிலிருந்த பனைமரமும் எருமையுமே நன்றாக நடித்தன என்னும் பொருளில் எள்ளி நகையாடினார். வணிக நோக்கில் படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. எனினும் அப்படத்தின் உட்பொருள் சிறிதன்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939ஆம் ஆண்டில். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, கோயிற் கதவுக்கு வெளியே நிற்பவனின் ஏக்கத்தை ஒரு பெண்ணின் குரல் திரையில் முழங்கியது. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்பது சமணம் பன்னெடுங்காலமாகச் சொல்லிவரும் அறமன்றோ!

மணிமேகலையும் ஔவையும்

அடுத்து 1940ஆம் ஆண்டில் மணிமேகலை வெளிவந்தது. காதலை மறுத்து, அமுதசுரபியை ஏந்தி, பசியென்னும் பிணியைத் தீர்ப்பதே வாழ்வெனக் கொண்ட பெண்ணின் வேடம் அது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியவள் மணிமேகலை. பௌத்தக் காப்பியத்தின் தலைவியாக நடிக்கச் சைவப் பற்றுடைய அம்மையாருக்குத் தயக்கம் இருக்கவில்லை.

1951ஆம் ஆண்டில் சுந்தராம்பாள் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவில் திரைக்கலைஞர் ஒருவர் சட்டமன்ற அவையில் அமர்ந்தது அதுவே முதன்முறை என்பர். திரைப் புகழ் அரசியல் பதவிக்கு ஏணியாகும் வழக்கம் தமிழகத்தில் வேரூன்றுவதற்கு நெடுநாள் முன்னரே அவர் அவைக்குள் சென்றார். விடுதலைக்கு முன் ஊர் ஊராகப் பாடிய உழைப்பே அவரை அங்கே அமர்த்தியது.

1953ஆம் ஆண்டில் ஜெமினி எஸ்.எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஔவையார் வெளிவந்தது. யானைக் கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சியைக் கண்டு வியந்தவர் பலர். ஆயினும் அப்படத்தின் உயிர் கையில் கோலூன்றி ஊர் ஊராக நடந்து, மன்னனுக்கும் உழவனுக்கும் ஒரே அறத்தைச் சொல்லும் மூதாட்டியின் குரலில் இருந்தது. அதன்பின் ஔவை என்றால் தமிழர் மனக்கண்ணில் தோன்றும் முகம் சுந்தராம்பாளின் முகமாகவே ஆயிற்று.

கவுந்தியடிகள்

கலைஞர் மு. கருணாநிதியின் கதை வசனத்தில், மேகலா பிக்சர்ஸ் தயாரித்து, ப. நீலகண்டன் இயக்கிய பூம்புகார் 1964ஆம் ஆண்டில் வெளிவந்தது. எஸ்.எஸ். இராஜேந்திரன் கோவலனாகவும் சி.ஆர். விஜயகுமாரி கண்ணகியாகவும் நடித்தனர். இசை ஆர். சுதர்சனம். கவுந்தியடிகளாக நடித்தவர் சுந்தராம்பாள்.

இச்சேர்க்கையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். வசனம் எழுதியவர் பகுத்தறிவு இயக்கத்தின் முன்னணித் தலைவர். நடித்தவர் முருக பக்தர். எதிரணியாகிய காங்கிரஸின் மேடைகளில் வளர்ந்தவர். காட்டப்பட வேண்டிய மாந்தரோ அருகனைத் தொழும் துறவி. மூன்று வெவ்வேறு நெறிகள் ஒரு காப்பியத்தின் பொருட்டு ஒரே இடத்தில் கூடின. ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து நோக்கலாம். ஒவ்வொரு நோக்கிலும் உண்மையின் ஒரு கூறு உண்டு என்பது அநேகாந்தம். நூலில் கற்கும் அக்கொள்கை அன்று ஒரு படப்பிடிப்புத் தளத்தில் நடைமுறையானது.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் தோன்றுவது நாடுகாண் காதையில். புகாரை விட்டு நீங்கிய கோவலனும் கண்ணகியும் வழியில் ஒரு சோலையிலுள்ள பள்ளியில் அவரைக் காண்கின்றனர். மதுரையில் அறவோர் உரை கேட்கவும் அருகனை வழிபடவும் விரும்பியிருந்த அடிகள், கடிஞையும் மயிற்பீலியும் எடுத்துக்கொண்டு உடன் புறப்படுகின்றார். மென்மையான பாதங்களையுடைய கண்ணகிக்கு இவ்வழி கடிது என்பது மட்டும் அவருக்குக் கவலையன்று. வயல் வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்குமே, சோலை வழியே சென்றால் சிற்றுயிர்கள் துன்புறுமே என்றும் எண்ணி வழி சொல்கிறார். உலக இலக்கியத்தில் பயணம் போவோர் கள்வரையும் விலங்கையும் அஞ்சுவர். தம் காலடியைத் தாமே அஞ்சிய பயணி கவுந்தியடிகள்.

வம்பர் இருவர் கண்ணகியை இழித்துப் பேசியபோது அவர்களை நரிகளாகுமாறு சபித்தவர், கோவலனும் கண்ணகியும் இரங்கி வேண்ட, அச்சாபத்திற்கு ஓராண்டு எல்லை வகுத்தார். மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தபோது, அடைக்கலம் காத்தலின் அருமையையும் தானத்தின் பயனையும் எடுத்துரைத்தார். கோவலன் கொலையுண்ட செய்தியும் அதனால் விளைந்த அழிவும் அறிந்தபின், உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். தாம் காக்க முயன்றவர்களைக் காக்க இயலாது போன துயரத்தைப் பிறர்மீது வஞ்சினமாக வீசாமல், தம் நோன்பினால் ஏற்றுக்கொண்டவர் அவர். கண்ணகியின் சினம் மதுரையை எரித்தது. கவுந்தியின் துயரம் யாரையும் சுடவில்லை.

இந்த மாந்தரைத் திரையில் காட்டுவதற்கு நடிப்புத் திறன் மட்டும் போதாது. கணவனால் பிரியப்பெற்று, மீண்டும் அவனுடன் நடக்கும் கண்ணகிக்கு அருகில் துணையாகச் செல்லும் மூத்த பெண்ணாக நின்றவர், தம் வாழ்விலும் பிரிவையும் இழப்பையும் முப்பது ஆண்டுகளாகச் சுமந்தவர். ஆறுதல் சொல்லும்போது அச்சொல் இரவல் சொல்லாக ஒலிக்கவில்லை. காப்பியத்தில் மூவரும் காவிரியைக் கடந்து தென்கரை சேர்கின்றனர். படத்தில் வாழ்வை ஓடத்தோடு ஒப்பிட்டு அவர் பாடிய பாடல் இன்றும் தமிழர் இல்லங்களில் ஒலிக்கிறது. நிலையாமையைச் சொல்லும் பாட்டு அது. ஆயினும் கேட்பவரை அச்சுறுத்தாமல், கையைப் பற்றிக் கரை சேர்க்கும் குரலில் அமைந்தது. காவிரிக் கரையில் பிறந்தவர், காவிரிப்பூம்பட்டினத்துத் துறவியாகப் பாடினார்.

இப்படத்தினால் தமிழ்ச் சமணருக்கு விளைந்த நன்மையையும் சொல்ல வேண்டும். நாயன்மார் வரலாறுகளைச் சொன்ன மேடைகளிலும் திரைகளிலும் சமணர் பெரும்பாலும் வாதில் தோற்பவராகவும் சூழ்ச்சி செய்பவராகவுமே காட்டப்பட்டனர். பல தலைமுறைத் தமிழர் சமணரைப் பற்றி அறிந்தது அக்கதைகளின் வாயிலாகவே. சிலப்பதிகாரமும் சீவக சிந்தாமணியும் நாலடியாரும் தந்தவர்கள் தம் அயல்வீட்டிலும் வயல்வெளியிலும் வாழ்கின்ற தமிழர்களே என்பதைப் பலர் மறந்திருந்தனர். அந்நிலையில், சைவ பக்திப் பாடலின் மிகப்பெரிய குரலாக மதிக்கப்பட்டவரே ஒரு சமணத் துறவியை மாண்புடன், தாய்மை ததும்ப, எள்ளளவும் இகழ்ச்சியின்றிக் காட்டினார். அதனைக் கண்டு கைகூப்பிய மக்கள், தாம் கைகூப்புவது ஒரு சமணத் துறவியை என்று எண்ணித் தயங்கவில்லை.

பிற்காலமும் பெருமைகளும்

1965ஆம் ஆண்டில் ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடலில் மீண்டும் ஔவையாகத் தோன்றி, கனி கிடைக்காமல் கோபித்து மலையேறிய முருகனைப் பாட்டால் ஆற்றினார். மகாகவி காளிதாஸ், கந்தன் கருணை ஆகிய படங்கள் தொடர்ந்தன. 1966ஆம் ஆண்டில் தமிழிசைச் சங்கம் அவருக்கு இசைப்பேரறிஞர் பட்டம் வழங்கியது. 1969ஆம் ஆண்டில் வெளிவந்த துணைவன் படப்பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய தேசிய விருதைப் பெற்றபோது அவர் அறுபது வயதைக் கடந்தவர். அடுத்த ஆண்டு நடுவணரசு பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது. 1973ஆம் ஆண்டில் காரைக்கால் அம்மையாராக நடித்தார். இளமையையும் அழகையும் தாமே வேண்டி உதறிய அடியாரின் வேடம் அது.

மணிமேகலை, ஔவை, கவுந்தி, காரைக்கால் அம்மையார் என்று அவருடைய வேடங்களை வரிசைப்படுத்தினால் ஓர் உண்மை புலப்படும். ஒருவர் பௌத்தத் துறவி. ஒருவர் எல்லோர்க்கும் பொதுவான மூதாட்டி. ஒருவர் சமணத் துறவி. ஒருவர் சைவ அடியார். சமயம் நான்கு திசையில் நின்றாலும் நால்வரும் தமக்கென வாழாதவர்கள். நாற்பது ஆண்டுகளாக அம்மையார் நடித்தது ஒரே வேடத்தைத்தான் என்றும் சொல்லலாம். அவ்வேடம் அவர் 25ஆம் வயதில் தாமே தேர்ந்துகொண்டது. 1980ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை அது கலையவில்லை.

ஒரு மலை, இரு வழிபாடு

தூத்துக்குடி மாவட்டத்திலேயே, கோவில்பட்டிக்கு அருகில் கழுகுமலை இருக்கிறது. மலையடிவாரத்தில் முருகன் கழுகாசலமூர்த்தியாக வீற்றிருக்கிறான். அதே மலையின் மேற்பகுதியில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. முற்காலப் பாண்டியர் காலத்தைச் சேர்ந்த அவ்வுருவங்களின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் உள்ளன. அப்பெயர்களுள் குரத்தியர் என்று குறிக்கப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் காணப்படுகின்றன. மாணாக்கரைக் கொண்டு சமயம் கற்பித்த பெண் துறவியர் அவர்கள். கவுந்தியடிகள் வெறும் புலவர் கற்பனை அல்லர். அத்தகைய பெண்டிர் தமிழ் மண்ணில் நடமாடினர் என்பதற்குப் பாறையே சான்று.

முருகனைப் பாடிய குரலும் கவுந்தியாக நின்ற உருவமும் ஒரே பெண்ணிடம் அமைந்தது அம்மலையைப் போன்றதே. ஒரு வழிபாடு மற்றொன்றை மறைக்கவில்லை. ஒன்றின் மேல் மற்றொன்று ஏறி நிற்கவும் இல்லை. தம் நெறியில் உறுதியாக நின்றுகொண்டே பிறர் நெறியை மதிக்கலாம் என்பதைச் சுந்தராம்பாள் அம்மையார் எந்தச் சொற்பொழிவும் ஆற்றாமல் வாழ்ந்து காட்டினார்.

திருநாள்களில் குடும்பத்தார் ஒன்றுகூடும்போது, தீர்த்தங்கரர் வரலாற்றோடு கவுந்தியடிகளின் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். அவ்வடிகளுக்குத் தம் குரலை ஈந்த கொடுமுடி அம்மையாரின் பெயரையும் அதனோடு சேர்த்துச் சொல்லுதல் நன்றியறிதலாகும். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானங்களைச் சமண இல்லறத்தார் அறிவர். பிறர் துயர் ஆற்றும் வகையில் தன் குரலை வழங்குவதும் அடைக்கலம் அளிப்பதன் ஒரு வகையே. அத்தானத்தை வாழ்நாள் முழுதும் அளித்த அம்மையாரின் புகழ் தமிழ் உள்ளளவும் நிலைத்து வாழ்க.